மீட்கச் சென்றவன் ஏன் மாளவேண்டும்?

(தொழிலிடங்களில் நேரும் நச்சு விபத்துகள் குறித்துக் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நிலத்தைப் பற்றி மேடைதோறும் பேசுகின்றோம். மொழியைப் பற்றிப் பேசுகின்றோம். மூடிக்கிடக்கும் ஆலைகளைத் திறவுங்கள் என்று கேட்கின்றோம். ஆனால், ஆலையிலும் தோட்டத்திலும் உழைப்பவன் மாலையில் உயிரோடு வீடு திரும்புவானா என்ற கேள்வியை நாம் மேடையேற்றுவதில்லை. இன்று அதனையே எடுத்துக்கொள்கின்றோம்.

2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஹொறணைப் பகுதியில் ஒரு றப்பர்த் தொழிற்சாலையில் நிகழ்ந்த கொடுமையைப் பத்திரிகைகளிற் படித்திருப்பீர்கள். றப்பர்ப் பால் உறைந்துவிடாமற் காக்க அமோனியாவைப் பயன்படுத்துவது வழக்கம். அங்கே அமோனியாத் தொட்டியினுள் ஒருவர் விழுந்தார். அவரைத் தூக்கிவிட மற்றவர்கள் இறங்கினர். மாண்டவர் ஐவர்! முதல்வரின் மரணம் விபத்து. பின்னவர்களின் மரணத்தை நாம் விபத்து என்று ஒப்புக்கொள்ள மாட்டோம். மூச்சுக்கருவியும் இடுப்புக் கயிறும் மேலே நிற்க இரண்டு பேரும் இல்லாமல் எவரும் அப்படிப்பட்ட தொட்டிக்குள் இறங்கலாகாது என்பது உலகெங்கும் அறியப்பட்ட விதி. விதி நூலில் இருந்தது. தொட்டியருகே நின்றவர்களிடம் அது இருந்திருந்தால் நால்வர் பிழைத்திருக்கக்கூடும்.

ஹொறணை தூரத்தில் இருக்கின்றது என்று எண்ண வேண்டாம். நமது வீட்டுக் கிணற்றுக்கு வருவோம். கோடையில் நீர் கீழே போய்விடும். இறைப்பு இயந்திரம் ஏறத்தாழ 25 அடிக்கு மேல் நீரை உறிஞ்சி எடுக்க வல்லதன்று. ஆகவே இயந்திரத்தையே கிணற்றினுள் இறக்கி வைத்து இயக்குகின்றோம். அதன் புகையிலுள்ள காபன் மொனொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமுமில்லை. பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலான பற்றுடன் அது இரத்தத்தைப் பிடித்துக்கொள்கின்றது. இறங்கியவன் தலைசுற்றி விழுகின்றான். தம்பி பார்க்கின்றான், இறங்குகின்றான். மைத்துனன் பார்க்கின்றான், அவனும் இறங்குகின்றான். ஒரே முற்றத்தில் மூன்று பாடை!

விளக்கை இறக்கிப் பார்த்து, அது அணையாவிட்டால் இறங்கலாம் என்று நம் முன்னோர் கண்ட முறை ஒன்றுண்டு. பிராணவாயு குறைந்த பழங்கிணற்றுக்கு அது ஓரளவு உதவிற்று. இயந்திரப் புகைக்கு அது உதவாது. விளக்கு சுடர்விட்டு எரியும், மனிதன் வீழ்வான். பெற்றோல் ஆவி நிற்கும் கிணற்றில் விளக்கு இறக்குவதோ பெரும் ஆபத்து. வாயில் துணி கட்டிக்கொண்டு இறங்குவதும் பயனற்றது. மேலிருந்தபடி இயந்திரத்தை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள், கயிற்றை வீசுங்கள், தீயணைப்புப் படையையும் 1990 இலக்க அம்புலன்சையும் அழையுங்கள். அதுவரை எவரையும் இறங்கவிடாது, வேண்டுமானால் கையைப் பிடித்து இழுத்தேனும் நிறுத்துங்கள். பெற்ற தாய் அழுதுகொண்டு நிற்கையில் இதைச் செய்வது எளிதன்று. ஆயினும் செய்தே ஆகவேண்டும்.

இனி, மருந்தடிக்கும் தோட்டம். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நாம் தெளிக்கும் நஞ்சுகளுள் சேதன பொசுபரசு இனத்தன நரம்பின் கட்டளையைக் குழப்புவன. எச்சில் ஊறும்; கண்ணீர் வடியும்; வியர்வை கொட்டும்; கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும்; தசை துடிக்கும்; முடிவில் மூச்சுத் திணறும். அவ்வினத்தின் மிகக் கொடியனவான மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் இரண்டும் 1995இல் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டன. வேறினத்தைச் சேர்ந்த என்டோசல்பான் 1998இல் தடைபெற்றது. தடைகள் உயிர்களைக் காத்தன, மறுப்பதற்கில்லை. ஆனால், கொடியவை போனபின் மிஞ்சியவை தீர்த்தமல்ல.

நமது கமக்காரர் பலர் அறியாத உண்மை ஒன்றுண்டு. இந்நஞ்சு வாயால் மட்டும் செல்வதன்று, தோலாலும் செல்லும். முதுகிற் கட்டிய தெளிகருவி ஒழுகுகின்றது. சட்டை நனைகின்றது. வெயிலில் களைத்துவிட்டேன் என்று சொல்லிப் பனை நிழலில் அமர்ந்து தேநீர் குடிக்கின்றார். தலையிடி வெயிலால் வந்ததன்று. நனைந்த சட்டை இன்னும் முதுகில் நஞ்சை ஊட்டிக்கொண்டே இருக்கின்றது. அந்தச் சட்டையைக் கழற்றுவதே முதலுதவி. பின்னர் சவர்க்காரமும் நிறைந்த நீரும் கொண்டு உடலையும் தலைமயிரையும் கழுவவேண்டும். நமது தோட்டத்தில் இறைக்கும் நீருக்குப் பஞ்சமில்லை. வாய்க்காலிலேயே கழுவலாம் என்று தோன்றும். பயிருக்குப் போகும் நீரிலும் குடிக்கும் கிணற்றருகிலும் வேண்டாம். கழுவுகின்றவர் கையுறை அணியட்டும். இல்லையேல் பொலித்தீன் பையையாவது கையிற் கட்டட்டும். கண்ணிற் பட்டதானால், 15 நிமிடத்துக்குக் குறையாமல் ஓடும் நீரில் கழுவவேண்டும்.

வாந்தி எடுக்கச் செய்யவேண்டாம். பாலோ முட்டையோ புகட்டவேண்டாம். மருந்துப் போத்தலைக் கையோடு வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். மாற்று மருந்தாகிய அற்றோப்பீன் வைத்தியரிடம் உண்டு. ஆயினும் எந்த நஞ்சு என்று தெரியாத வைத்தியர் இருட்டிலே தேடவேண்டியவராகின்றார். கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் நச்சுத் தகவல் நிலையம் ஒன்று இருக்கின்றது. அதற்கும் போத்தலிலுள்ள பெயரைச் சொன்னாற்றானே பதில் வரும்?

இங்கே மொழி வருகின்றது. மொழியுரிமை என்றால் அரச கடிதத்துக்குத் தமிழில் மறுமொழி பெறுவது மட்டும் என்று நம்மிற் சிலர் எண்ணுகின்றனர். தொட்டியின் மேலுள்ள எச்சரிக்கைப் பலகையும் மொழியுரிமைதான். கடுகிலும் சிறிய எழுத்தில், பல்லை உடைக்கும் மொழிபெயர்ப்பில் ஒரு வரி அச்சிட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்பாரை நாம் ஏற்பதற்கில்லை. அறுபது வயதுக் கமக்காரர் கண்ணாடியின்றிப் படிக்கத்தக்க எழுத்து வேண்டும். அவர் பேசுகின்ற சொல் வேண்டும். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஆலைச் சுவருக்குள் உழைப்பவனை நினைந்து எழுதப்பட்டது. நாட்கூலிக்கு மருந்தடிக்கும் ஏழையின் தோட்டத்துக்கு எந்தப் பரிசோதகர் வருகின்றார்?

அறிவை மறைத்தால் என்ன நேரும் என்பதைப் போபால் காட்டிற்று. 1984 டிசம்பர் 2ஆந் திகதி நள்ளிரவையொட்டி, பூச்சிமருந்து செய்யும் ஆலையிலிருந்து சுமார் 40 தொன் மெதைல் ஐசோசயனேற்று வெளியேறிற்று. உறங்கியவர் எழுந்து ஓடினர். ஓடியதால் மூச்சு வாங்கிற்று. மூச்சு வாங்கியதால் நஞ்சு மிகுதியாய் உட்சென்றது. ஆயிரக்கணக்கில் மாண்டனர். கசிந்தது எது, அதற்கு வைத்தியம் எது என்பது அந்நகரத்து வைத்தியர்களுக்கே அன்றிரவு சொல்லப்படவில்லை.

1950களில் நிறுவப்பட்ட பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரீனும் செய்தது; போர் அதனை நிறுத்திற்று. அங்கே மீண்டும் ஆலை எழவேண்டும் என்போருள் நாமும் உள்ளோம். குளோரீனோ காற்றினும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பாரமானது, நிலத்தோடு தவழும், பள்ளத்தில் தேங்கும். கசிந்தால் மேட்டுக்கு ஏறவேண்டும். காற்றுக்குக் குறுக்காக விலகவேண்டும். இதனைப் பரந்தன் பாடசாலைப் பிள்ளை அறிந்திருக்கவேண்டும். கிளிநொச்சி வைத்தியரிடம் ஆலையிலுள்ள பொருள்களின் பட்டியல் முன்கூட்டியே இருக்கவேண்டும். ஆண்டுக்கொருமுறை ஊரும் ஆலையும் சேர்ந்து ஒத்திகை நடத்தவேண்டும். அடிக்கல் நாட்டுமுன் இவை மூன்றும் தமிழில், எழுத்தில் தரப்படவேண்டும் என்று கோரும் தீர்மானத்தை இக்கூட்டத்தின் முன் வைக்கின்றோம். அத்துடன், ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் மருந்து விபத்து முதலுதவியைத் தமிழிற் பெரிய எழுத்தில் எழுதி மாட்டுவதற்கு வைத்தியர்களும் ஆசிரியர்களும் கொண்ட சிறு குழு ஒன்றை இன்றே தெரிவுசெய்யுமாறும் கேட்கின்றோம்.