செய்யூர்ப் பக்கம் ஒரு நாள்



மாமல்லபுரத்தைப் பார்த்து முடித்துப் புதுச்சேரிக்குக் கிளம்புகிறவர்கள் நடுவில் எங்கும் வண்டியை நிறுத்துவதில்லை. கல்பாக்கம் போகும், வாயலூரில் பாலாற்றுப் பாலம் போகும், பிறகு மரக்காணம் வரும்வரை காருக்குள் பாட்டுதான். அந்தப் பாட்டு ஓடுகிற நேரத்தில் இரண்டு பக்கமும் கடந்துபோகிற நிலம்தான் செய்யூர் வட்டம். இன்றைக்கு அங்கே போவோம்.

ஊர் செங்கல்பட்டு மாவட்டத்தின் தெற்குக் கோடியில் இருக்கிறது. 2019 நவம்பரில் புது மாவட்டம் பிரியும்வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. சென்னையிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ரயிலில் வருகிறவர்கள் மதுராந்தகத்திலோ மேல்மருவத்தூரிலோ இறங்கிப் பேருந்து பிடிக்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிறவர்கள் மேற்கே திரும்பிச் சில கிலோமீட்டர் உள்ளே போகவேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்துச் செய்யாறு வேறு ஊர். நடத்துநரிடம் கேட்கும்போது ‘யூர்’ என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லுங்கள். இல்லாவிட்டால் கடலைப் பார்க்கக் கிளம்பி ஆற்றங்கரையில் போய் இறங்குவீர்கள்.

இந்த வட்டாரத்தைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்தால் போதும். கடலுக்கும் ஊருக்கும் நடுவே கழி கிடக்கிறது. கிழக்கே கடல், அதை ஒட்டி மணல்மேடு, அதற்கு மேற்கே உப்புநீர் தேங்கிய கழி, அதற்கும் மேற்கே ஏரிப் பாசனத்து நெல்வயல். மணல்மேட்டில் மழைநீர் இறங்கி நிற்பதால் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர்க் கிணறும் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் பார்க்கலாம். கழியில் உப்பு விளைகிறது, இறால் கிடைக்கிறது, பறவை வந்து இறங்குகிறது. போதாததற்குப் பக்கிங்காம் கால்வாயும் இதன் வழியாகத்தான் போகிறது. ஆந்திரத்திலிருந்து மரக்காணம்வரை ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீளும் இந்தக் கால்வாயில் ஒரு காலத்தில் உப்பும் விறகும் படகேறிச் சென்னைக்குப் போயின. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலி வேலையாகப் பல இடங்களில் இதை வெட்டி இணைத்தார்கள். அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் ஒட்டிக்கொண்டது. வெட்டினவர்கள் பெயர் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை.

காலையில் முதல் வேலையாகக் கந்தசுவாமி கோயிலுக்குப் போய்விடுங்கள். உச்சி வேளைக்குள் நடை சாத்திவிடுவார்கள். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம் இது. வழக்கமாகச் சிவன் கோயில் கருவறையைச் சுற்றிவரும்போது தெற்கே தட்சிணாமூர்த்தி, வடக்கே துர்க்கை என்று கண் தானாகத் தேடும். இங்கே அந்த மாடங்களில் முருகனே வெவ்வேறு கோலங்களில் நிற்கிறார். ஆனால் மக்கள் இந்தக் கோயிலைத் தேடி வருவதற்குக் காரணம் வேறு. கோயிலைச் சுற்றி இருபத்தேழு வேதாளங்கள் இருக்கின்றன, அசுவினி முதல் ரேவதிவரை நட்சத்திரத்துக்கு ஒன்று. வந்தவர்கள் அவரவர் நட்சத்திர வேதாளத்தைத் தேடிப் பிடித்து விளக்கேற்றுகிறார்கள். குடும்பத்தோடு வந்தால் இது ஒரு விளையாட்டைப் போலவே ஆகிவிடுகிறது. “அப்பாவுது எது, பாட்டியுது எது” என்று பிள்ளைகள் ஓடுவார்கள். சாதகத்தில் நம்பிக்கை இல்லாதவர்களும் ஒரு சுற்று வரலாம். பயமுறுத்துவதற்கென்றே பேர்போன வேதாளத்தை முருகனுக்குக் காவலாகக் கோயிலைச் சுற்றி உட்கார வைத்த ஊர் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

பக்கத்திலேயே வான்மீகநாதர் கோயில். சோழர் காலப் பழமை உள்ளது. கூட்டம் இருக்காது, நிதானமாகக் கல்லைப் பார்க்கலாம். சங்கீதப் பிரியர்களுக்கு இன்னொரு செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெலுங்கிலும் வடமொழியிலும் ஏராளமான கீர்த்தனைகள் செய்த செங்கல்வராய சாஸ்திரி இந்த ஊர்க்காரர். கச்சேரி மேடையில் அவர் பெயரை இப்போது அதிகம் கேட்க முடிவதில்லை. பெயருக்கு முன்னால் மட்டும் ‘செய்யூர்’ இன்னும் நிற்கிறது.

கோயிலிலிருந்து கிழக்கே கடலை நோக்கித் திரும்பினால் சாலை கழிக்குள் இறங்குகிறது. இரண்டு பக்கமும் உப்பளம். தமிழ்நாட்டில் உப்பு என்றால் தூத்துக்குடிதான் நினைவுக்கு வரும். அதற்கு அடுத்தபடி வேதாரண்யம். மரக்காணம், செய்யூர்ப் பக்கமும் உப்புக்குப் பேர்போனதுதான். உவர்நீரைப் பாத்தியில் பாய்ச்சி, வெயிலில் சுண்டவிட்டு, அடியில் படிகிற உப்பைப் பலகையால் வாரிக் கரையில் குவிக்கிறார்கள். சொல்லும்போது இவ்வளவுதான். செய்கிறவர்களுக்கு விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. சூரியன் ஏறிவிட்டால் தரையே கண்ணைப் பறிக்கும். உப்புநீரில் நின்று நின்று பாதம் வெடித்துப் போகும். தை, மாசியில் தொடங்கும் விளைச்சல் ஐப்பசி மழையோடு நின்றுவிடும், அதோடு கூலியும் நிற்கும். படம் எடுக்க நிறைய பேர் இங்கே இறங்குகிறார்கள். எடுங்கள். வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு எடுங்கள், பாத்தி வரப்பை மிதித்துக் கலைக்காதீர்கள்.

கழியின் பெரிய பரப்புக்கு ஓதியூர் ஏரி என்று பெயர். ஏரி என்று சொன்னாலும் கடலோடு தொடர்புள்ள உப்புநீர்தான். மழைக்குப் பிறகு தண்ணீர் வற்ற வற்றப் பறவைகள் வந்து சேரும். கூழைக்கடா, கொக்கு, நத்தை குத்தி நாரை, உள்ளான், ஆலா எல்லாம் உண்டு. அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைக் கூட்டம் கண்ணில் படும். தலையைக் கவிழ்த்து, அலகையும் தலைகீழாக வைத்துச் சேற்று நீரை வடிகட்டிச் சாப்பிடும் பறவை அது. கையில் பைனாகுலர் இருந்தால் அந்த வேலையை நன்றாகப் பார்க்கலாம், இல்லாவிட்டால் தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு மட்டும்தான் தெரியும்.

அதே கழியில் முழங்கால் நீரில் குனிந்து நடப்பவர்களைப் பார்த்தால் ஏதோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இருளர் மக்கள் வலை இல்லாமல் கையாலேயே சேற்றைத் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிறார்கள். விரல் நுனியில் இறால் துள்ளுவதை உணர்ந்து அமுக்கும் அந்தத் திறமையைப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொள்ள முடியாது.

முதலியார்குப்பத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியே, தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இருக்கிறது. மாமல்லபுரத்திலிருந்து முப்பத்தாறு கிலோமீட்டர். மிதி படகு, மோட்டார் படகு எல்லாம் கிடைக்கும். நான் சொல்வது இதுதான்: சுற்றி வருகிற சவாரிக்குக் காசு கொடுக்காதீர்கள், அக்கரை மணல்திட்டில் இறக்கிவிடும் படகைக் கேளுங்கள். திட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் கடல். ஒரு பக்கம் அசையாத கழி, மறுபக்கம் அலை, நடுவில் நீங்கள். கடலில் குளிக்க மட்டும் ஆசைப்பட வேண்டாம். இந்தக் கரையில் நீரோட்டம் பொல்லாதது, பக்கத்தில் உதவிக்கு வரவும் ஆள் இருக்க மாட்டார்கள்.

இங்கிருந்து தெற்கே போனால் இடைக்கழிநாடு. இன்று அது ஒரு பேரூராட்சி. தமிழ் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் பரிசு பெற்ற பாணன் ஒருவன், எதிரே வரும் வறிய பாணனுக்கு எந்த வழியாகப் போகலாம், வழியில் என்ன பார்க்கலாம், எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்வதுதான் அந்தப் பாட்டு. நான் இப்போது உங்களிடம் செய்துகொண்டிருக்கிற வேலையை இந்த மண்ணில் அவர் எப்போதோ செய்துவிட்டார், என்னைவிட நன்றாகவே. கடற்கரையில் எயிற்பட்டினத்தைச் சொல்கிறார், இன்றைய மரக்காணம் பக்கம் என்று அறிஞர்கள் கருதும் ஊர். அங்கே அலை கொண்டுவந்து ஒதுக்கிய அகில் மரக்கட்டை, ஒட்டகம் படுத்துத் தூங்குவது போலக் கிடந்ததாம். அந்தக் கட்டையை விறகாக்கி, நுளைமகள் அரித்த தேறலும் சுட்ட குழல்மீனும் விருந்தாகக் கிடைக்கும் என்கிறார். தேறலைப் பற்றி வானொலியில் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. மீன் இன்றும் கிடைக்கிறது. கடப்பாக்கத்தில் மதியச் சாப்பாட்டுக்கு நிற்கலாம். கோடையில் போனால் சாலையோரம் தர்பூசணியும் நுங்கும் குவிந்து கிடக்கும்.

கடப்பாக்கத்திலிருந்து கடல் பக்கம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இங்கே போங்கள். ஆர்க்காட்டு நவாபு தோஸ்த் அலி கான் காலத்தில், 1736-க்கும் 1740-க்கும் இடையில் கட்டியது. செங்கல், சுண்ணாம்பு. கடலும் கழியும் சேர்கிற முகத்தில் இடம் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். படகு கட்டும் துறை இருந்தது. உப்பும் நெய்யும் சரிகைத் துணியும் கப்பலேறின. எல்லாவற்றையும்விட முக்கியமானது நாணயச் சாலை. ஆலம்பரையில் அடித்த வராகன் இந்தக் கரை முழுவதும் செல்லுபடியாயிற்று. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால் ஆலம்பரை என்ற பெயர் அடிக்கடி தட்டுப்படும்.

1750-இல் சுபேதார் முசாபர் ஜங், தனக்குச் செய்த உதவிக்காகக் கோட்டையைப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்குக் கொடுத்தார். பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பத்து வருஷம் வைத்திருந்தார்கள். 1760 ஜனவரியில் வந்தவாசியில் நடந்த போரில் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலப் படை ஜெயித்தது. அந்தப் படை புதுச்சேரியை நோக்கி நகர்ந்தபோது, அதே வருஷம் ஆலம்பரையும் விழுந்தது. கோட்டையைப் பிடித்தவர்கள் வைத்துக்கொள்ளவில்லை, இடித்துவிட்டார்கள். எதிரிக்குத் துறைமுகமும் வேண்டாம், காசு அடிக்கிற இடமும் வேண்டாம் என்ற கணக்கு. செய்யூரிலிருந்து வந்தவாசி வழியாகப் போளூர்வரை போகும் மாநில நெடுஞ்சாலையில் இன்று லாரிகள் ஓடுகின்றன. அதில் போகும்போது இந்தக் கதை நினைவுக்கு வரட்டும்.

இப்போது நிற்பது உடைந்த மதிலும் சில கொத்தளங்களும்தான். 2004 சுனாமியும் தன் பங்குக்குச் சேதம் செய்துவிட்டுப் போனது. மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னம் இது. மதிலில் ஏறி நின்றால் கழிமுகமும் மீன்பிடிப் படகுகளும் மணல்திட்டும் ஒரே பார்வையில் அகப்படும். நவாபின் ஆட்கள் ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போவது நல்லது, உள்ளே நிழல் குறைவு. செங்கல்லில் பெயர் கீறுகிற நம்மவர் வழக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிகழ்ச்சி நேரம் போதாது, விட்டுவிடுகிறேன்.

வருகிற வழியில் கூவத்தூர் என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். 2017 பிப்ரவரியில் சட்டமன்ற உறுப்பினர்கள் தங்கியிருந்த சில நாட்களில் தமிழ்நாடே அந்தப் பெயரை உச்சரித்தது. அதற்கு முன்பும் பின்பும் அது அமைதியான ஊர்தான். வட்டாரத்தின் பெயர் வெளியே அடிபட்ட இன்னொரு சமாச்சாரம் இதைவிடக் கனமானது. 4,000 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையம் ஒன்றைச் செய்யூரில் அமைக்கத் திட்டமிட்டார்கள். பனையூர்க் கடற்கரையில் அதற்கென்று தனித் துறைமுகம் வருவதாகவும் இருந்தது. மீனவர்களும் விவசாயிகளும் எதிர்த்தார்கள், வழக்கு பசுமைத் தீர்ப்பாயம்வரை போனது. நிலையம் வரவில்லை. இன்று நீங்கள் பார்க்கிற கழியும் பூநாரையும் இறால் பிடிக்கிறவர்களும் இதே நிலையில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது கடற்கரைச் சாலையை நான்கு வழியாக அகலப்படுத்துகிறார்கள். இனி வண்டிகள் இன்னும் வேகமாகவே கடந்துபோகும்.

ஊர் திரும்பும்போது மதுராந்தகம் வழியாகப் போனால் இரண்டு இடங்கள் சேரும். ஒன்று மதுராந்தகம் ஏரிக்கரையில் ஏரி காத்த ராமர். ஏரி உடையும் நிலையில் இருந்தபோது ராமரும் இலக்குவனும் காவல் நின்றதைக் கலெக்டர் லயோனல் பிளேஸ் கண்டார் என்பது ஊர்க்கதை. இன்னொன்று வேடந்தாங்கல். அங்கேயும் அதே பிளேஸ்தான். பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் முறையிட்டதன் பேரில் 1798-இல் பாதுகாப்பு உரிமை எழுதிக் கொடுத்தவர் அவர். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2022-இல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. வேடந்தாங்கலுக்குக் கூட்டம் இருக்கிறது, அதனால் அதைப் பற்றி அதிகம் சொல்லவில்லை.

எப்போது போவது? மார்கழி, தை, மாசி. பறவையும் இருக்கும், வெயிலும் பொறுக்கும், உப்பளத்திலும் வேலை தொடங்கியிருக்கும். சித்திரை, வைகாசியில் போவதானால் கோட்டையைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொண்டு, நடுப்பகலைத் தென்னந்தோப்பு நிழலில் கழியுங்கள். குடிதண்ணீரும் தொப்பியும் கட்டாயம். கழிக்கரையில் கடைகள் குறைவு, குப்பைத்தொட்டி அதைவிடக் குறைவு. அதனால் கொண்டுபோன பாட்டிலை வண்டியிலேயே திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.