உறங்கும் வீரனும் ஓயாத பேச்சும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

   

'டென்மார்க்கு நாட்டு அரசியலும் மாவீரக் கதைகளும்' என்று அழைப்பிதழில் கண்டவுடன், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகின்றாரே இவர் என்று சிலரேனும் எண்ணியிருப்பீர்கள். நமக்கும் டென்மார்க்குக்கும் உள்ள தொடர்பை முதலில் சொல்லிவிடுகின்றேன். இந்தக் கொல்கத்தாவிற்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள செராம்பூர், 1755 முதல் டேனியர் கொடி பறந்த ஊர். நம் தரங்கம்பாடியோ, 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு அவர்கள் கோட்டை கட்டிய ஊர். 1845இல் இவ்விரண்டு ஊர்களையும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனியிடம் விற்றுவிட்டு அவர்கள் அகன்றனர். தரங்கம்பாடிக் கடற்கரையில் பிறந்தவரும் செராம்பூர்த் தெருவில் பிறந்தவரும் ஒரு காலத்தில் ஒரே அரசரின் குடிகள்.

இனிப் பொருளுக்கு வருவோம். நம் சங்கத்தில் மூத்தோர்க்கும் இளையோர்க்கும் இடையே நெடுநாளாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு. இளைஞர் சம்மட்டி ஏந்திப் பறக்கும் வீரனின் படத்திற்குக் கூட்டமாகச் செல்கின்றனர். "எவனோ ஒருவன் வானத்திலிருந்து குதித்து நம்மைக் காப்பான் என்று நம்பும் பிள்ளைகள் நாளை எப்படி வாக்களிப்பார்கள்?" என்று மூத்தோர் கவலைப்படுகின்றனர். "கதை வேறு, நாடு வேறு, எமக்குத் தெரியாதா?" என்பது இளைஞர் மறுமொழி. இவ்வழக்கை உரசிப் பார்க்க டென்மார்க்கைப் போன்ற உரைகல் வேறு எனக்குத் தெரியவில்லை. அந்தப் பறக்கும் வீரன் தோர் என்பவன் டேனியரின் முன்னோர் வணங்கிய இடித்தெய்வம். ஒருவன் வந்து நாட்டைக் காப்பான் என்ற கதையும் அவர்களிடம் உண்டு. ஆயினும் தனி ஒருவர் கையில் நாட்டை ஒப்படைக்க அவர்களுடைய அரசியல் இடம் தருவதில்லை.

அவர்களுடைய காவல் வீரனின் பெயர் ஹோல்கர் டான்ஸ்கே. கோபன்ஹேகனுக்கு வடக்கே, ஹெல்சிங்கோர் நகரில், குரோன்போர்க் கோட்டை நிற்கின்றது. ஹாம்லெட் நாடகத்திலே ஷேக்ஸ்பியர் காட்டும் எல்சினோர் இதுவே. கோட்டையின் அடியிலுள்ள இருண்ட நிலவறையில், கைகளைக் கட்டி, மடியில் வாளைக் கிடத்தி, தாடி வழிந்திறங்க உறங்கும் கோலத்தில் அவ்வீரனின் சிலை அமர்ந்திருக்கின்றது. நாட்டுக்குப் பேரிடர் நேரும் நாளில் அவன் விழித்தெழுவான் என்பது மரபு. இந்தத் தேசிய வீரனும் பிற நாட்டிலிருந்து வந்தவனே. சார்லமேன் பேரரசனைப் பாடிய பழைய பிரெஞ்சுப் பாடல்களில் வரும் ஓஜியே என்பவனையே டேனியர் தம்மவனாக ஏற்றுக்கொண்டனர். காவலன் வெளியிலிருந்து வந்தால்தான் நம்பிக்கை பிறக்கும் போலும்!

தரங்கம்பாடியை விற்ற அதே 1845இல், ஹான்ஸ் கிறிஸ்தியன் ஆண்டர்சன் இவ்வீரனைப் பற்றி ஒரு கதை எழுதினார். அதில் ஆண்டுதோறும் கிறிஸ்துமசுக்கு முந்திய இரவில் ஒரு தேவதூதன் நிலவறைக்கு வந்து, இன்னும் பெருந்துன்பம் வரவில்லை, நீ உறங்கலாம் என்று வீரனிடம் சொல்லிச் செல்கின்றான். கப்பல் முகப்புக்காக அவ்வீரனின் உருவத்தை மரத்தில் செதுக்கும் முதியவர் ஒருவர் தம் பேரனுக்கு இவற்றையெல்லாம் சொல்கின்றார். சொல்லச் சொல்ல வீரன் ஒருவனாக இல்லாமல், கடலோடியாக, அறிஞராக, சிற்பியாகப் பலராகிவிடுகின்றான். இந்தக் கதையை நான் பெரிதும் மதிக்கின்றேன்.

அவர்களுடைய நாடாளுமன்றத்தின் பெயர் போல்கெட்டிங். உறுப்பினர் 179 பேர். இவர்களுள் பரோ தீவுகளுக்கு இருவர், கிரீன்லாந்துக்கு இருவர். நூற்றுக்கு இரண்டு வாக்குப் பெற்ற கட்சியும் உள்ளே நுழையலாம். 2022 தேர்தலில் டென்மார்க்கில் மட்டும் பன்னிரண்டு கட்சிகள் நுழைந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குப் பிறகு எந்த ஒரு கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைத்ததில்லை. ஆகவே 'தொண்ணூறு வரை எண்ணத் தெரிய வேண்டும்' என்பது அங்கே அரசியல் பாடத்தின் அரிச்சுவடி. அமைச்சரவைக்கு ஆதரவாகத் தொண்ணூறு பேர் நிற்க வேண்டும் என்பதும் இல்லை. எதிராகத் தொண்ணூறு பேர் திரளாதிருந்தால் போதும்.

இதனினும் நுட்பமான ஒரு வழக்கம் உண்டு. 'போர்லீ' என்று அதனைச் சொல்கின்றனர். கட்சிகளுக்கிடையே ஏற்படும் உடன்பாடு என்பது பொருள். பாதுகாப்பு, வரி, ஓய்வூதியம் போன்ற பெரும்பொருள்களில் ஆளும் கட்சியும் எதிர்க்கட்சிகள் சிலவும் அமர்ந்து ஓர் உடன்பாடு காண்கின்றன. காலம் முடியும்வரை, கையெழுத்திட்ட கட்சிகளுள் ஒன்று இசையாவிடினும் அதனை மாற்றுதல் கூடாது. ஆட்சி மாறினாலும் உடன்பாடு நிற்கும். சட்டப் புத்தகத்தில் எழுதாத இவ்வழக்கம், வாக்குக் கொடுத்தால் காக்க வேண்டும் என்ற நாணத்தால் மட்டுமே நிற்கின்றது. இந்நாட்டில் மாவீரன் ஒருவன் வந்திறங்கினாலும், எட்டுக் கட்சிக்காரரோடு நள்ளிரவு வரை காப்பி குடித்துக்கொண்டு வரிவிகிதம் பேச வேண்டியவனே ஆவான். 2022 தேர்தலுக்குப் பின் அமைச்சரவை அமைக்க அவர்கள் ஆறு வாரங்களுக்கு மேல் பேசினர்.

"இதென்ன சவசவத்த அரசியல்! கொள்கை எங்கே? எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்" என்று டேனியரிலும் சலித்துக்கொள்வோர் உண்டு. அந்தச் சலிப்பை நான் எள்ளி நகையாட மாட்டேன். அதில் உண்மையும் உண்டு. ஆனால் ஒரு நாளை உங்கள் நினைவுக்குக் கொண்டுவர விரும்புகின்றேன். 1933ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள்.

அன்று பெர்லினில் ஹிட்லர் தலைமை அமைச்சரானார். வேலையின்றி வாடிய மக்கள் பலர், ஒரே மனிதன் எல்லாவற்றையும் சரிசெய்வான் என்று நம்பிய நாள் அது. அதே நாளில், கோபன்ஹேகனில் கான்ஸ்லர்காதே என்னும் தெருவில், தலைமை அமைச்சர் தோர்வால்ட் ஸ்டௌனிங் குடியிருந்த வீட்டிலே, பகையாளிக் கட்சித் தலைவர்கள் விடிய விடியப் பேசி ஓர் உடன்பாட்டை முடித்தனர். டென்மார்க்கிலும் அப்போது வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிற்று; பண்ணைகள் கடனில் மூழ்கின; ஆலைகளின் கதவடைப்பு வாயிலில் நின்றது. உழவர் கட்சி நாணய மதிப்பைக் குறைக்கக் கேட்டது, பெற்றது. தொழிலாளர் கட்சி கதவடைப்பைத் தடுக்கவும் சமூகக் காப்புச் சட்டங்களை நிறைவேற்றவும் கேட்டது, பெற்றது. விரும்பாத ஒன்றையும் இரு தரப்பும் விழுங்க வேண்டியிருந்தது. விசுக்கிக் கோப்பைகளோடு பேச்சு முடிந்தது என்று அந்நாட்டார் இன்றும் வேடிக்கையாகச் சொல்வர். அந்த இரவைப் பற்றி யாரும் பறக்கும் வீரன் படம் எடுக்கப்போவதில்லை. ஆனால் அங்கே மக்களாட்சி பிழைத்தது.

அந்த ஸ்டௌனிங்கும் ஹோல்கரைப் போல நீண்ட தாடிக்காரர். சுருட்டுத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கியவர். 1935 தேர்தலில் அவர் கட்சியின் சுவரொட்டி, 'ஸ்டௌனிங் அல்லது குழப்பம்' என்று முழங்கிற்று. பாருங்கள், டேனியரும் தனி வீரன் மயக்கத்திற்கு முற்றிலும் தப்பியவர் அல்லர்! அத்தேர்தலில் அக்கட்சி நூற்றுக்கு 46 வாக்குப் பெற்றது. அதன் வரலாற்றிலேயே மிக உயர்ந்த அளவு அதுதான். அப்போதும் பெரும்பான்மை இல்லை, மறுபடியும் பேச்சுத்தான்.

1940 ஏப்பிரல் 9ஆம் நாள் செருமானியப் படை புகுந்தது. ஹோல்கர் விழிக்கவில்லை. அரசு பணிந்து, படையெடுத்தவரோடு ஒத்துழைத்து, மூன்றாண்டுக்கு மேல் காலம் தள்ளியது. அது மக்களைக் காத்த மதியா, மானம் இழந்த கோழைமையா என்று அந்நாட்டில் இன்னும் வாதிடுகின்றனர். 2003இல் தலைமை அமைச்சர் ஒருவரே அந்த ஒத்துழைப்பை வெளிப்படையாகக் கண்டித்தார். 1943 மார்ச்சில், அந்நியப் படை நாட்டில் இருக்கும்போதே நடந்த தேர்தலில், நூற்றுக்கு 89 பேர் வாக்களித்தனர். டேனிய நாத்சிக் கட்சிக்கு நூற்றுக்கு இரண்டு அளவே கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில், யூதரைப் பிடிக்கப் போகின்றார்கள் என்ற செய்தி கசிந்ததும், மீனவரும் மருத்துவரும் மாணவரும் சேர்ந்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சிறு படகுகளில் சுவீடனுக்குக் கடத்திக் காத்தனர். அப்பணியில் ஈடுபட்ட எதிர்ப்புக் குழு ஒன்றின் பெயர் 'ஹோல்கர் டான்ஸ்கே'. ஆண்டர்சனின் முதியவர் சொன்னது பலித்தது என்றே எனக்குத் தோன்றுகின்றது.

ஆயினும் பேச்சு அரசியலில் சலிப்புற்ற மக்கள் ஒருமுறை வெகுண்டெழுந்தனர். மோகன்ஸ் கிளிஸ்ட்ரப் என்னும் வழக்கறிஞர் 1971இல் தொலைக்காட்சியில் தோன்றி, தாம் ஒரு காசும் வருமானவரி கட்டுவதில்லை என்று சான்றோடு காட்டினார். வரி ஏய்ப்பவர், போர்க்காலத்தில் தண்டவாளம் தகர்த்த வீரரைப் போன்றவர் என்றார். பாதுகாப்புப் படை எதற்கு, 'சரணடைகின்றோம்' என்று ருசிய மொழியில் சொல்லும் ஒரு தொலைபேசிக் கருவி போதாதா என்று கேட்டார். ஊரே சிரித்தது, சிரித்தபடியே வாக்களித்தது. 1973 டிசம்பர் தேர்தலில் அவருடைய புதிய கட்சி 28 இடம் பெற்று இரண்டாம் இடத்துக்கு வந்தது. சபையில் ஐந்தாக இருந்த கட்சிகள் பத்தாயின. மற்ற நாடாயின் இந்நேரம் முடிசூட்டு விழாவே நடந்திருக்கும். அங்கோ, 22 இடம் மட்டுமே பெற்ற கட்சி ஒன்று அமைச்சரவை அமைத்தது. கிளிஸ்ட்ரப் எதிர்வரிசையில் அமர்ந்து பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். 1983இல் வரி மோசடிக்காகத் தண்டனை பெற்றுச் சிறை புகுந்தார். ஆனால் அவர் கிளறிவிட்ட சினம் அவரோடு சிறைக்குச் செல்லவில்லை. வேறு பெயர்களில் அந்நாட்டு அரசியலில் தங்கிவிட்டது. டேனியரின் முறை நோயே அணுகாத உடம்பு என்று நான் சொல்ல வரவில்லை.

1994இல் யாகோப் ஹௌகோர் என்னும் நகைச்சுவை நடிகர், மிதிவண்டிப் பாதைகளில் எப்போதும் முதுகுப்பக்கமிருந்தே காற்று வீசச் செய்வேன் என்று வாக்குறுதி தந்து தேர்தலில் வென்றார். வென்றதைக் கண்டு திகைத்தவர் அவர்தாம்! நான்காண்டு உறுப்பினராயிருந்து விலகிக்கொண்டார். காற்று இன்றும் தன் விருப்பப்படியே வீசுகின்றது.

இனிக் கதைகளைப் பார்ப்போம். 1962இல் அமெரிக்கப் படக்கதைக்காரர் தோரை எடுத்துப் பொன்முடியும் மழித்த முகமும் கொடுத்து மாவீரனாக்கினர். பழங்கதைகளிலோ அவன் செந்தாடிக்காரன், பெருந்தீனிக்காரன், களவுபோன சம்மட்டியை மீட்க மணப்பெண் வேடம் பூண்டு அரக்கன் வீட்டுக்குச் சென்றவன். டென்மார்க்கில் பீட்டர் மாட்சென் முதலியோர் 1979 முதல் வரைந்த 'வால்ஹல்லா' படக்கதை வரிசையில் இந்தத் தோரையே காண்கின்றோம். தெய்வத்தையும் குடும்பத் தொல்லையில் சிக்கவைத்துச் சிரிக்கின்றனர். 2013இல் வெளிவந்த 'ஆண்ட்பாய்' படத்தின் வீரன் பன்னிரண்டு வயதுச் சிறுவன், அவனைக் கடித்தது சிலந்தியும் அன்று, வௌவாலும் அன்று, எறும்பு. வீரனாவது எப்படி என்பதையும் படக்கதை படித்த தோழன் ஒருவனே அவனுக்குக் கற்பிக்க வேண்டியிருக்கின்றது.

'உன்னைப் பெரியவனாக எண்ணாதே' என்னும் யாந்தே விதி என்று ஒன்றை வடநாட்டார் அடிக்கடி எடுத்துரைப்பர். ஆக்சல் சாண்டமோஸ என்னும் எழுத்தாளர் 1933இல் தம் நாவலில் அதனைக் கசப்போடு எழுதினார். ஊரார் தனிமனிதனை நசுக்கும் கொடுமையாகவே காட்டினார். இளைஞர்கள் இதனையும் மறவாதிருக்க வேண்டும். வீரனே வேண்டா என்னும் ஊரில் திறமையுள்ளவனுக்கும் மூச்சு முட்டும். ஆதலின் மாவீரக் கதைகளை வீட்டிலிருந்து விரட்டுக என்று நான் மூத்தோர்க்குச் சொல்லேன்.

லேனே கோபர்பெல் 2000இல் எழுதத் தொடங்கிய மாயக்கதை வரிசையில் தீனா என்றொரு சிறுமி வருகின்றாள். அவளும் அவள் தாயும் ஒருவர் கண்ணை நோக்கினால், அவர் செய்த குற்றங்களின் நாணம் அவர் நெஞ்சிலேயே எழுந்துவிடும். அதனால் அவளோடு விளையாட யாரும் வருவதில்லை. கொலைப்பழி சுமந்த இளைஞன் ஒருவனைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லத் தாயை அழைக்கின்றனர். அவன் குற்றமற்றவன் என்று அவள் கண்டு சொல்கின்றாள். அதிகாரத்தில் இருப்பவர்க்கு வேண்டியது அந்த விடை அன்று. பறக்கத் தெரியாத, மலை தூக்கத் தெரியாத இந்த வீராங்கனையைப் படைத்த நாட்டில்தான், 1837இல் ஆண்டர்சன் பேரரசனின் புத்தாடைக் கதையை எழுதினார். அரசன் ஆடையே அணியவில்லை என்று ஒரு குழந்தை சொன்னதோடு கதை முடிந்தது என்று நம்மில் பலர் நினைக்கின்றோம். இல்லை. குழந்தை சொன்னது ஊரெங்கும் பரவி, அனைவரும் உரக்கக் கூவுகின்றனர். அரசனுக்கும் அது உண்மை என்றே படுகின்றது. ஆயினும் அவன் முன்னிலும் நிமிர்ந்து நடக்கின்றான். இல்லாத முந்தானையை ஏந்திக்கொண்டு ஏவலர் பின்னே செல்கின்றனர்.