ஏழரை அடிப் பலகை

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டு துண்டாகக் கிடக்கும் சர்ஃபிங் பலகை என் பேரனுடையது. தந்திராயன்குப்பம் செரினிட்டி கடற்கரையில் அலைச்சறுக்கு பழகுகிறான். செகண்ட் ஹேண்டில் வாங்கிக் கொடுத்தேன். நீளம் ஏழரை அடி. அந்த எண்ணைக் கேட்டபோதே நான் யோசித்திருக்க வேண்டும். ஆறாம் மாதமே உடைந்தது.

அதை எப்போது எடுப்பீர்கள் என்று போன கூட்டத்தில் கேட்டீர்கள். பழைய இரும்புக் கடைக்காரர் தட்டிப் பார்த்துவிட்டு, "எடைக்குக்கூட வேணாம் சார்" என்று போய்விட்டார். குப்பை வண்டியிலும் ஏற்றவில்லை. போகியன்று கொளுத்திவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டு வாங்கினேன்.

தயவுசெய்து கொளுத்தாதீர்கள். பலகைக்குள்ளே இருப்பது பாலியூரித்தேன் நுரை. மேலே கண்ணாடி இழைத் துணி, அதன்மேல் பாலியெஸ்டர் ரெசின். எரித்தால் வரும் நச்சுப்புகை முதலில் நான்காம் மாடிக் குழந்தைகளின் மூக்கில்தான் ஏறும். பிளாஸ்டிக் குடம் உடைந்தால் உருக்கி வேறொன்று செய்வார்கள். இந்த ரெசின் ஒருமுறை இறுகிவிட்டால் பிறகு உருகாது. கடைக்காரர் அதனால்தான் வேண்டாம் என்றார். வங்கியில் 36 ஆண்டு இருந்தவன் பாஷையில் சொன்னால், இது வாராக்கடன்.

2005 டிசம்பர் 5-ஆம் தேதி, கலிபோர்னியாவில் கிளார்க் ஃபோம் என்ற நிறுவனம் ஒரே நாளில் மூடப்பட்டது. அமெரிக்கப் பலகைகளின் நுரைக்கட்டையில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. நுரை செய்யப் பயன்படும் டி.டி.ஐ. நச்சுப்பொருள். அரசுத் துறைகளின் நெருக்கடியைக் காரணம் காட்டி முதலாளி கடையைக் கட்டினார். பலகை செய்பவர்கள் வேறு பொருள் தேட ஓடினார்கள்.

அதே ஆண்டில் நம் கரையில் என்ன நடந்தது? சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. கட்டுமரங்கள் குறைந்துபோயின. வைத்திக்குப்பம் பக்கம் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கடலிலிருந்து வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவார்கள். ஒரு கட்டை கெட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். கெட்டதும் அடுப்புக்கு ஆகும். அங்கே தேடிய பொருள் இங்கே கரையில் கிடந்தது, நாமோ எதிர்த்திசையில் போனோம். மீனவர்களைக் குறை சொல்லவில்லை. ஃபைபர் படகில் இன்ஜின் மாட்டித் தூரம் போகலாம், அவர்களுக்குப் பிழைப்பு.

ஹவாய்த் தீவுகளில் ஆதியிலிருந்தே பலகை மரம்தான். மிக லேசானது விலிவிலி. நம் கல்யாண முருங்கையின் நெருங்கிய சொந்தம் அது. பிறகு பால்சா வந்தது, அதன்பின் நுரை. இப்போது திரும்ப, உப்புநீர் அதிகம் ஊறாத பாலோனியா மரத்தில் உள்ளே விலா எலும்பு போலச் சட்டம் வைத்துச் செய்கிறார்கள். கண்ணாடித் துணிக்குப் பதில் ஆளி நார், சணல் வகை நார், மூங்கில் எல்லாம் வருகின்றன. எனக்கு ஆச்சரியம் கற்றாழைதான். ரயில் பாதை ஓரம் நிற்கும் ஆனைக்கற்றாழை பூத்து முடிந்ததும் காயுமே, அந்தத் தண்டை ஒட்டி இழைத்துக் கலிபோர்னியாவில் பலகை செய்கிறார்கள். கிணற்றில் நீச்சல் பழகியபோது எங்கள் முதுகில் கட்டிவிட்டது அதே தண்டுதான்.

எல்லாம் சரி, குறையும் உண்டு. மரப்பலகை கனம், விலையும் அதிகம். "தாவர எபாக்சி" என்று எழுதியிருந்தால் அதில் ஒரு பங்குதான் தாவரம். அதுவும் இறுகினால் உருகாது. தெர்மாகோல் உள்ளீடு வைத்ததை உடைந்தபின் பிரிப்பதும் பெரும்பாடு. லேபிளை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பத்து வருடம் உடையாமல், பழுது பார்த்து ஓட்டக்கூடிய பலகையே என் கணக்கில் லாபம்.

"அப்போ நான் எதுல தாத்தா போறது?" என்றான் பேரன். முழங்காலிட்டு ஏறும் குட்டைப் பலகை ஒன்று உண்டு, நீ போர்டு என்பார்கள். உடைந்ததில் பெரிய துண்டு நாலே முக்கால் அடி, வால் துடுப்போடு இருக்கிறது. முனையை வளைவாக அறுத்து, வெட்டுவாயை எபாக்சியால் அடைத்தால் அது நீ போர்டு. அறுக்கும் தூசு நுரையீரலுக்கு ஆகாது; ஆகவே மாடியில் வேண்டாம். ஃபைபர் படகு பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் பேசிவிட்டேன், வரும் ஞாயிறு எடுத்துப் போகிறோம்.

மீதி இரண்டே முக்கால் அடிக்கு இன்னும் வழி தெரியவில்லை. அதுவரை அந்தத் துண்டு என் வீட்டுப் பால்கனியில் இருக்கும். மாடியைக் காலி செய்து தருகிறேன்.