உடம்பின் வரவும் செலவும்

ஆயக்குடிக் கொய்யாத் தோப்புகளுக்கும் பழனி மலைக்கும் இடையே உள்ளது சில கிலோமீட்டர் தொலைவே. அம்மலைமேல் போகர் சமாதி உண்டு. தண்டாயுதபாணியின் திருமேனியை நவபாஷாணத்தால் ஆக்கியவர் அவரே என்பது வழிவழி வந்த நம்பிக்கை. ஒன்பது நஞ்சையும் கட்டி மருந்தாக்கினார் என்னும் அச்செய்தியின் பின்னே சித்தர்களின் பெருங்கனவொன்று நிற்கிறது. உடம்பையே மாற்றியமைத்து நெடுங்காலம் நிறுத்துவது அக்கனவு. காயகற்பம் என்பது அதன் பெயர்.

கற்பத்தை மருந்தென்று மட்டும் கொள்வது குறையுடைத்து. இரசமும் வீரமும் பூரமும் சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லவை. விளம்பரம் கண்டு அவற்றை வாங்கி உண்பார் சித்தர் நெறியை அறியாதார். மருந்தினும் நுட்பமானது அவர்தம் மூச்சுக்கணக்கு. நிமிடத்திற்கு 15 வீதம் நாளொன்றுக்கு 21,600 சுவாசம். வெளிச்செல்வது பன்னிரண்டு விரற்கடை, மீள்வது எட்டு, நான்கு வீண். அந்நான்கையும் மீட்பவனுக்கு ஆயுள் நீளும் என்றனர். உடம்பைத் துறப்பதே உயர்வு என்றிருந்தோர் நடுவே, உடம்பை வளர்ப்பதே உயிரை வளர்ப்பதாகும் என்று திருமூலர் துணிந்ததும் இவ்வழியிலேதான்.

இக்கால அளவையில் கணக்கு வேறு. உட்புகும் காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்கு, வெளிவருவதில் 16. பெரும்பகுதி பயன்படாமலே திரும்புகிறது. அதனை மிச்சம் பிடித்தால் வாழ்நாள் கூடும் என்பதற்குச் சான்றில்லை. ஆயினும் உடம்பு தன் ஆற்றலைச் சிந்துகிறது, சிந்துவதைப் பிடிக்கலாம் என்னும் எண்ணம் பொய்யன்று.

வாளா இருக்கும் உடம்பே ஏறத்தாழ 80 வாட் ஆற்றலைச் செலவிடுகிறது. இதயத் துடிப்பை ஒழுங்கு செய்யும் பேஸ்மேக்கருக்கோ, ஒரு வாட்டை லட்சம் கூறாக்கினால் அதில் சில கூறே போதும். 1958இல் ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவர் உடம்பினுள் முதன்முதலாக இக்கருவி வைக்கப்பட்டது. முதற்கருவி சில மணி நேரமே உழைத்தது. பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி அவர் 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். அதனைச் செய்த எல்ம்க்விஸ்டும் பொருத்திய சென்னிங்கும் அவருக்கு முன்னரே மறைந்தனர்! பேட்டரி தீருந்தோறும் தோலைக் கீற வேண்டும் என்பதே குறை. அது தீர 1970இல் பாரிஸில் புளூட்டோனியத்தால் இயங்கும் கருவியைப் பொருத்தினர். போகரின் பட்டியலில் இடம்பெறத் தக்க நஞ்சுதான். 2014இல் அமெரிக்க அறிஞர் குழுவொன்று மாடு, செம்மறி, பன்றி ஆகியவற்றின் இதயத்தின்மேல் மெல்லிய ஏடொன்றை ஒட்டி, துடிப்பின் அசைவிலிருந்தே மின்சாரம் எடுத்துக் காட்டியது. சித்தர் தேடிய நான்கு விரற்கடை இங்கே அகப்பட்டது எனலாம். மக்கள் மருத்துவத்தில் அது இன்னும் வழக்கிற்கு வரவில்லை.

வந்தபின் யாருக்குக் கிட்டும்? இக்கேள்வியைத் தமிழர் முன்னமே கேட்டனர். பழனி மலைநாட்டை ஆண்ட பேகனோடு கடையெழு வள்ளல்களுள் வைத்தெண்ணப்படும் அதியமான், நெடுவாழ்வு தரும் நெல்லிக்கனியை அரிதின் பெற்றான். அதன் பயனை வெளியிடாமலே ஔவைக்கு ஈந்தான். உண்டிருந்தால் தான் வாழ்ந்திருப்பான். கனி ஒன்றே, பங்கிட இயலாதது.

இற்றைக் கனியும் விலையுடையது. 2012இல் வெளிவந்த ஆய்வொன்று மும்பை ஹோலி ஃபேமிலி மருத்துவமனையில் நிகழ்ந்ததைக் கூறுகிறது. அமெரிக்காவில் இறந்தோர் உடம்பிலிருந்து, குடும்பத்தார் இசைவுடன் எடுத்த பேஸ்மேக்கர்கள், பேட்டரி எஞ்சியிருக்கிறதா எனச் சோதிக்கப்பட்டுத் தூய்மை செய்யப்பட்டு, விலை கொடுக்க இயலாத 53 ஏழையருக்குப் பொருத்தப்பட்டன. அவற்றுள் எதுவும் பழுதுபடவில்லை. நோயால் நின்றுபோயிருந்த கூலிவேலைக்குச் சிலர் மீண்டும் சென்றனர்.