நாற்கூற்று மருத்துவமும் மறைமருந்து வாணிகமும்

(நம் சங்கத்தின் திருவள்ளூர்க் கிளைக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



யான் மருத்துவம் பயின்றவனல்லன். தமிழ் கற்பித்துப் பிழைப்பவன். எனினும் இன்று புற்றுநோயைக் குறித்துப் பேச எழுந்துள்ளேன். நம் சங்க உதவி நிதிக்கு வரும் விண்ணப்பங்களில், முற்றிய புற்றுநோய்க்கு மறைமருந்து வாங்கப் பொருள் வேண்டுவனவும் இருக்கின்றன. அவற்றிற்கு யாது விடை கூறுவது என்பதை இச்சபை ஆராய்ந்து துணிதல் வேண்டும்.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, பக்கல் நின்று துணைசெய்பவர் என்பன அவை. இந்நான்கனையும் முறையே நோக்குவோம்.

முதலாவது, நோயுற்றவர். மருத்துவர், "நோயை வேரோடு களைய இனி இயலாது, துன்பத்தைத் தணிக்க இயலும்" என்கின்றார். கேட்போர் செவியில் முற்பாதி மட்டுமே விழுகின்றது. "டாக்டர் கைவிரித்துவிட்டார்" என்று ஊர் பேசுகின்றது. அன்று மாலையே உறவினர் பலர் கைப்பேசியில் செய்தி அனுப்புகின்றனர். முள்சீத்தாப் பழம் என்பார் ஒருவர். மஞ்சளும் வேம்பும் என்பார் மற்றொருவர். மலைநாட்டு வைத்தியரிடம் செல்க என்பார் வேறொருவர். அச்சத்திலிருப்பவர் எதையும் பற்றிக்கொள்வர். அவரை அறிவிலார் என்று இகழ்வது அறமன்று.

தெய்வ நம்பிக்கையையும் யான் இங்குக் குறைகூற வரவில்லை. நம் ஊர்ப் பெருமாளுக்கே வைத்திய வீரராகவர் என்பது திருநாமம். நோய் நீங்க வேண்டித் திருக்குளத்தில் வெல்லம் கரைக்கும் வழக்கம் நம் முன்னோர் காலந்தொட்டு உள்ளது. அவ்வெல்லத்தின் விலை சில ரூபாய். அது மருத்துவமனைச் சீட்டைக் கிழித்தெறியச் சொல்வதில்லை. மறைமருந்தின் விலையோ தாலிக்கொடியும் வீட்டுப் பத்திரமும்!

இரண்டாவது, மருந்து. "நம் மூலிகைகளை ஆங்கில வைத்தியர் ஒப்புக்கொள்ளார்" என்பர் சிலர். இது உண்மையன்று. நம் வீட்டு வேலியோரம் பூக்கும் நித்தியகல்யாணியைப் பாருங்கள். நீரிழிவுக்கு நாட்டு மருந்தாக வழங்கிய அச்செடியைக் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் 1950-களில் சோதித்தனர். சர்க்கரை குறையவில்லை; வெள்ளணுக்கள் குறைந்தன. அதைத் தொடர்ந்து ஆராய்ந்ததனால் வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்னும் மருந்துகள் கிடைத்தன. குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு வின்கிறிஸ்டின் இன்றும் தரப்படுகின்றது. ஆயின் அது மிகச் சிறு அளவில், நாள் வகுத்து, நரம்பின் வழியே ஏற்றப்படுவது. அச்செடியின் இலையை அரைத்துக் குடித்தால் நஞ்சாகும். எனவே மூலிகையா அன்றா என்பது வினாவன்று. சோதித்தறிந்ததா அன்றா என்பதே வினா.

சோதனையில் தோற்றதும் உண்டு. வாதுமை இனத்துப் பாதாமிக் கொட்டையினின்று எடுத்த லேட்ரில் என்பதனை அமெரிக்காவில் பலர் நம்பினர். 178 நோயாளர்க்கு அதனைக் கொடுத்துப் பார்த்து, 1982-இல் முடிவை வெளியிட்டனர். நோய் தணியவில்லை, சிலர் இரத்தத்தில் சயனைடு நஞ்சு ஏறியிருந்தது.

மூன்றாவது, தீர்ப்பவர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரை அவர் பிறர்க்குரிய அறமாக்கினார். அவர் முயற்சியால் 1954-இல் அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளோடு தொடங்கிற்று. டாக்டர் சாந்தா 2021-இல் மறையும்வரை அங்கேயே தொண்டாற்றினார். அதே 1954-இல், புற்றுநோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் ஒன்றும் நம் நாட்டில் இயற்றப்பட்டது. ஆகவே "புற்று குணமாகும்" என்று மருந்துக்கு விளம்பரம் செய்பவர், வாய் திறக்கும்போதே சட்டத்தை மீறுகின்றார் என்று அறிக.

"குணமானவர் உளரே!" என்பீராயின், கேளுங்கள். 2024 நவம்பரில் நவ்ஜோத் சிங் சித்து என்பார், முற்றிய புற்றுற்ற தம் மனைவியார் வேம்பு, மஞ்சள், எலுமிச்சை, உணவுக் கட்டுப்பாடு ஆகியவற்றால் நலமுற்றதாகக் கூறினார். அவ்வம்மையார் அறுவையும் மருந்தேற்றமும் பெற்றவர். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையைச் சார்ந்த 262 வல்லுநர் உடனே கையொப்பமிட்டு, இதனை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர் என எச்சரித்தனர். இரு மருந்து உண்டவர் பிழைத்தால் புகழ் எளிய மருந்துக்குச் செல்கின்றது. உண்டு மாண்டவரோ வந்து சாட்சி சொல்வதில்லை.

2018-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று, நோய் உடலெங்கும் பரவாத நிலையிலேயே மாற்று முறைகளை மட்டும் நாடியவரை ஆராய்ந்தது. உரிய சிகிச்சை பெற்றாரைவிட அவர்க்குச் சாவின் அபாயம் இரண்டரை மடங்கு. தொடக்க நிலையில் மறைமருந்தை நம்பினால் உயிரே போகலாம். முற்றிய நிலையில் நம்பினாலோ எஞ்சிய நாளும், பொருளும், வலி தணியும் வாய்ப்பும் போகும்.

நான்காவது, துணைநிற்பவர். இதுவே நம் சங்கத்தின் கடமை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலியாக உழைப்பவன் ஒரு நாள் மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாட்கூலி போயிற்று. அவனிடம் வீட்டு வாசலிலேயே மருந்து தருபவன் இனியனாகத் தோன்றுகின்றான். ஆயினும் வழிகள் உள. கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் புறநகர் இரயில் சென்னை சென்ட்ரலுக்குச் செல்கின்றது. அரசு பொது மருத்துவமனை அதற்கு எதிரிலேயே உள்ளது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கின்றது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஈ.எஸ்.ஐ. அட்டையும் உரிய பணிக்காலமும் உடைய தொழிலாளி புற்றுற்றால், ஊதியத்தில் 80 விழுக்காடு இரண்டு ஆண்டு வரை பெறலாம். இதனை அறியாது கடன் வாங்குவோர் எத்தனை பேர்!

தீராத நோய்க்கும் சிகிச்சை உண்டு என்பதை வீடுதோறும் சொல்லுங்கள். மருத்துவர் அளவறிந்து தரும் மார்பின் கடும்வலியைத் தணிக்கும். மூச்சுத் திணறலும் வாந்தியும் புண்ணும் தணிக்கத் தக்கன. வலியின்றி உறங்குவதும், பிள்ளைகளோடு தெளிவாகப் பேசுவதும் சிறு பேறல்ல. இதனைத் தருபவர் கைவிரித்தவரல்லர், கைகொடுப்பவர்.

ஆதலின் மூன்றனைச் சபையின் முன் வைக்கின்றேன். ஒன்று, மறைமருந்துக்கு நம் நிதியினின்று ஒரு காசும் வழங்கலாகாது. இரண்டு, அவ்விண்ணப்பத்தை வெறுங்கையாய்த் திருப்பவும் ஆகாது. வழிச்செலவும், இழந்த நாட்கூலியும், உடன் செல்ல எழுத்தறிந்த இளைஞர் ஒருவரையும் தருவோம். மூன்று, எந்த மூலிகை உண்டாலும் அதனை மருத்துவரிடம் மறையாது சொல்லும்படி அறிவுறுத்துவோம்.

மறுக்கும்போது மென்சொல்லால் மறுப்போம். விண்ணப்பம் எழுதிய கை, அன்புடையார் ஒருவரை இழக்க அஞ்சி நடுங்கும் கை. அதனைப் பற்றி உடன் நடப்பதே வள்ளுவர் வகுத்த நான்காம் கூறு. இத்தீர்மானத்தை ஏற்றருளுமாறு வேண்டி அமர்கின்றேன்.