இயந்திரம் எழுதும் தலையெழுத்து



செயற்கை அறிவு என்பதாக ஒன்று வந்திருக்கின்ற இக்காலத்தில், ஒரு மனிதனுடைய அடையாளமும் அந்தரங்கமும் என்ன கதியாகும் என்பதைப் பற்றிப் பேசும்படி எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். இது பட்டணத்துப் படிப்பாளிகள் சங்கதி, நமக்கென்ன என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். ரேஷன் கடையில் கட்டைவிரலை வைத்து, "ரேகை விழவில்லை, அப்புறம் வா" என்று திருப்பி அனுப்பப்பட்ட பாட்டியம்மாள் யாராவது இந்தக் கூட்டத்தில் இருந்தால், இது யாருடைய சங்கதி என்பது அவருக்கு நன்றாய்த் தெரியும். நாற்பது வருஷம் களை பறித்தும் பாத்திரம் தேய்த்தும் தேய்ந்துபோன விரல் அது. உழைத்த குற்றத்திற்காக அந்த விரலை, "நீ நீயல்ல" என்று ஒரு பெட்டி சொல்லிவிடுகிறது!

நான் இயந்திரத்துக்கு விரோதியல்ல. விஞ்ஞானத்தைக் கண்டு பயப்படுவது நம்முடைய வேலையுமல்ல. சாக்கடைக்குள் மனிதன் இறங்குவதற்குப் பதிலாக இயந்திரம் இறங்கட்டும். வைத்தியர் கண்ணுக்குத் தப்பும் நோயை இயந்திரம் காட்டட்டும். என் கவலையெல்லாம் அதைக் கையில் வைத்திருப்பவன் யார் என்பதும், அது சொன்னதைக் கேள்வி கேளாமல் நம்பும் நம்முடைய புத்தி எப்படிப்பட்டது என்பதுமேயாகும்.

தோழர்களே! அடையாளம் என்பதில் இரண்டு தினுசு உண்டு. "இவர் இன்னார்" என்பது ஒன்று. "இவன் இப்படிப்பட்டவன்" என்பது மற்றொன்று. முதலாவது வெறும் கணக்கு. பட்டா, ஓட்டு, பென்ஷன் எல்லாவற்றிற்கும் அது வேண்டியதுதான். இரண்டாவது தீர்ப்பு. விசாரணையில்லாமல், பிறந்த இடத்தைப் பார்த்துச் சொல்லப்படும் தீர்ப்பு. இந்த நாட்டில் அதற்கு ஜாதி என்று பெயர். முதலாவதை வாங்கிக்கொண்டு போகிறேன் என்று வந்து, இரண்டாவதை நம் நெற்றியில் எழுதிவிட்டுப் போவதுதான் ஆதிமுதல் நடந்துவரும் மோசடி.

இதற்கு வெளிதேசத்துக்குப் போக வேண்டியதில்லை. ரேகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1858இல் வங்காளத்தில் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தவன் பிறகு மறுக்காதபடிக்கு அவனுடைய கையை மையில் ஒற்றி வாங்கினார். அது கணக்கு. 1897இல் கல்கத்தாவில் ரேகைகளுக்கென்றே ஒரு போலீஸ் காரியாலயம் ஏற்பட்டது. இதற்குள், 1871இலேயே குற்றப்பரம்பரைச் சட்டம் என்பதாக ஒன்று செய்யப்பட்டு, 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்துவிட்டது. கள்ளர், குறவர் முதலிய வகுப்பார் பிறவியிலேயே குற்றவாளிகள் என்று சர்க்கார் எழுதிவைத்தது. அவர்கள் ரேகை வைக்கவேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்கவேண்டும். பலர் ராத்திரியில் ஸ்டேஷனில் போய் ஆஜராக வேண்டும். திருடினானா என்று யாரும் கேட்கவில்லை. யாருக்குப் பிறந்தான் என்று மாத்திரம் கேட்டார்கள். நம் ஜனங்கள் அதற்குக் "கைரேகைச் சட்டம்" என்றே பெயர் வைத்தார்கள்.

1920 ஏப்ரல் 3ந் தேதி, உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில், "எங்கள் விரலைத் தரமாட்டோம்" என்று நின்ற ஜனங்களைப் போலீசார் சுட்டார்கள். ஒரு பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள். விரலில் மை தடவுவதற்காகவா உயிரை விட்டார்கள்? அல்ல. அந்த மையில் "திருடன்" என்ற சொல் கலந்திருந்தது. அதனால் மறுத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947இலும், இந்தியா பூராவுக்கும் 1952இலும்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது.

நிற்க, சட்டம் ஒழிந்தது, ரிகார்டு ஒழிந்ததா? அங்கேதான் இன்றைய இயந்திரம் வந்து சேருகிறது.

செயற்கை அறிவு என்பதை ஏதோ ஞானதிருஷ்டி என்று நினைத்துவிடாதீர்கள். பழைய ரிகார்டுகளை லட்சக்கணக்கில் அதற்கு ஊட்டுகிறார்கள். எது எதனோடு சேர்ந்து வருகிறது என்று அது கணக்குப் பார்த்து, புதிதாய் வருகின்ற ஆளைப் பற்றி ஊகம் சொல்லுகிறது. அவ்வளவுதான் வித்தை. போலீஸ்காரன் ஐம்பது வருஷம் ஒரே சேரியைச் சுற்றிச்சுற்றி வந்து கேஸ் எழுதியிருந்தால், இயந்திரம் என்ன சொல்லும்? "திருடன் சேரியில் இருக்கிறான்" என்று சொல்லும். அதைக் கேட்டுப் போலீஸ்காரன் மறுபடியும் அங்கேயே போவான். மறுபடியும் கேஸ் எழுதுவான். அதையும் இயந்திரத்துக்கே ஊட்டுவான். வேதம் பொய்யல்ல என்பதற்கு ஆதாரம் வேதத்திலேயே இருக்கிறது என்று சொன்னவர்களின் தர்க்கத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றேன்.

1929இல் செங்கற்பட்டு மகாநாட்டில், பெயருக்குப் பின்னால் தொங்கும் ஜாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானம் செய்தோம். வாலை வெட்டினோம், நல்ல காரியம். ஆனால் இந்த இயந்திரத்துக்கு வால் தேவையில்லை. ஊர்ப் பெயர், தெருப் பெயர், தகப்பன் பெயர், யாரோடு பேசுகிறாய், எந்தக் கடையில் வாங்குகிறாய் என்பவற்றைச் சேர்த்துப் பார்த்தே நீ இன்ன ஜாதியாய் இருக்கலாமென்று ஊகித்துவிடும். பிறகு கடன் இல்லை, வேலை இல்லை, வீடு இல்லை என்று சொல்லும். ஏனென்று கேட்டால் ஜாதி என்று சொல்லாது. "மார்க்குக் குறைவு" என்று சொல்லும். பிரம்மா எழுதினதை மனிதன் படிக்க முடியாது என்றார்கள். கம்பெனிக்காரன் எழுதினதையும் படிக்க முடியாதாம், அது வியாபார ரகசியமாம்!

இது வெறும் பயமுறுத்தல் என்று நினைக்கவேண்டாம். நாகரிக தேசமென்று பெயர்பெற்ற நெதர்லாந்தில், குழந்தை பராமரிப்பு உதவிப் பணத்தில் மோசடி செய்பவர் யாரென்று கண்டுபிடிக்க வரி இலாகா ஒரு கணக்கு முறையை வைத்தது. டச்சுப் பிரஜையல்லாதவர் என்பதையே சந்தேகத்துக்கு ஓர் அடையாளமாக அது எடுத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான தாய் தகப்பன்மார்கள் மோசடிக்காரர்களாக்கப்பட்டு, வாங்கிய பணத்தையெல்லாம் திருப்பிக் கட்டும்படி நெருக்கப்பட்டார்கள். உண்மை வெளிவந்து 2021 ஜனவரியில் மந்திரிசபையே ராஜினாமா செய்தது. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்துப் போலீசார், முகம் பார்க்கும் இயந்திரம் தப்பாய்ச் சொன்னதைக் கேட்டு 2020இல் ஒரு கறுப்பு மனிதரை அவர் மனைவி மக்கள் முன்னிலையிலேயே கைது செய்து, ஏறக்குறைய 30 மணி நேரம் அடைத்து வைத்தார்கள். இப்படிப்பட்ட முக இயந்திரங்களை 2018இல் இரண்டு பெண் ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லுவதில், வெளுத்த ஆண்கள் விஷயத்தில் 100க்கு ஒன்று கூடத் தவறாத இயந்திரம், கறுத்த பெண்கள் விஷயத்தில் 100க்கு 34 வரை தவறிற்று. கறுப்பாய்ப் பிறந்ததற்கு மேலும் ஒரு தண்டனை!

நம் நாட்டுக்கு வருவோம். 2017 ஆகஸ்டு 24ந் தேதி சுப்ரீம் கோர்ட்டில் ஒன்பது ஜட்ஜுகள் ஒரே மனதாய், அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமையே என்று தீர்ப்புச் சொன்னார்கள். 2018இல் ஆதார் சட்டம் செல்லுமென்று நால்வரும், செல்லாதென்று ஒருவரும் சொன்னார்கள். தனியார் கம்பெனிகள் ஆதாரைக் கட்டாயமாய்க் கேட்க முடியாது என்றும் அதில் தீர்ப்பாயிற்று. 2022இல் வந்த சட்டமோ, கைதானவரின் ரேகை, கண்ணின் பாவை முதலியவற்றை எடுத்து 75 வருஷம் வைத்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. இது 1920ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்த சட்டம், வருஷத்தைக் கவனியுங்கள்! 2023இல் தனிநபர் விவரங்களைக் காப்பாற்றும் சட்டம் வந்தது. அதில் மத்திய சர்க்கார், தேசப் பாதுகாப்பு, பொது அமைதி என்று காரணம் காட்டித் தன் இலாகாக்களுக்கு விலக்கு அளித்துக்கொள்ளலாம். இயந்திரம் செய்த முடிவுக்குக் காரணம் கேட்கும் உரிமை அதில் இல்லை. வாசலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியைக் காவல்காரனிடமே கொடுத்த கதைதான்.

"என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஏழைக்கு அந்தரங்கம் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். தோழர்களே! ஏழைக்கும் கீழ்ஜாதி என்று சொல்லப்பட்டவனுக்கும் பெண்ணுக்கும்தான் அது அதிகமாய் வேண்டும். மதம் விட்டு மதம் கலியாணம் செய்துகொள்ளும் ஒரு பெண்ணையும் பிள்ளையையும் நினைத்துப் பாருங்கள். 1954ஆம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டப்படி 30 நாள் முன்னால் நோட்டீஸ் கொடுக்கவேண்டும். அது காரியாலயத்தில் ஒட்டப்படும். அதைப் பார்த்து அரிவாளோடு வருகிறவர்கள் இந்த நாட்டில் உண்டு. முன்பு அவன் ஊர் ஊராய்த் தேடவேண்டும். இப்பொழுதோ ஒரு போட்டோவையும் ஒரு நம்பரையும் வைத்துக்கொண்டு இருந்த இடத்திலிருந்தே தேடலாம். அந்தரங்கம் என்பது அந்தப் பெண்ணுக்கு உயிர். யாரிடம் எதைச் சொல்லுவது என்பதை நாமே தீர்மானிப்பதற்குப் பெயர்தான் அந்தரங்கம். அது சுயமரியாதையின் மறுபெயர்.

ஆகவே நாம் கேட்கவேண்டியது என்ன? முதலாவது, இயந்திரத்தின் பேரால் ஒருவருக்கு ஒன்றை மறுத்தால், அதற்குக் காரணம் எழுத்தில், அவர் பாஷையில் கொடுக்கப்படவேண்டும். இரண்டாவது, அந்த முடிவுக்குப் பொறுப்பான மனிதன் ஒருவன் கையெழுத்துப் போடவேண்டும். அவன்மேல் அப்பீல் இருக்கவேண்டும். மூன்றாவது, விசாரித்து முடியும் வரையில் அரிசியும் பென்ஷனும் நிற்கக்கூடாது. நான்காவது, பிறப்பை வைத்தும் தெருவை வைத்தும் யாரையும் குற்றவாளியென்று ஊகிக்கக்கூடாது. இதெல்லாம் நடக்காத காரியமல்ல. ஐரோப்பாவில் 2018 முதலே, முழுக்க இயந்திரம் செய்யும் பெரிய முடிவுகளுக்கு எதிராக மனிதனுக்கு உரிமை இருக்கிறது. ஆளின் குணாம்சத்தை மாத்திரம் வைத்து இவன் குற்றம் செய்வான் என்று இயந்திரத்தால் ஆரூடம் சொல்லுவதை அங்கே 2025 பிப்ரவரி முதல் தடுத்தும் இருக்கிறார்கள்.

அதுவரையில் நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ரேகை விழவில்லை என்பதற்காக ரேஷனை மறுக்கக்கூடாதென்று 2017இல் மத்திய சர்க்காரே உத்தரவு போட்டிருக்கிறது. ஆதலால் "போய் வா" என்றால் போகாதீர்கள். பெயரையும் தேதியையும் எழுதிக்கொண்டு மேலதிகாரிக்கு மனுக் கொடுங்கள். எழுதத் தெரியாதவருக்கு நம் வாலிபர்கள் எழுதிக்கொடுக்கட்டும். உங்கள் மகன் குரலிலேயே "அப்பா, ஆபத்து, பணம் அனுப்பு" என்று போன் வந்தால், வைத்துவிட்டு அவனுடைய நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள். இப்பொழுது குரலையும் இயந்திரம் செய்கிறது. ஏமாந்துபோனால் வெட்கப்படாமல் உடனே 1930க்குச் சொல்லுங்கள்.

"கடவுள் சொன்னார்" என்றவனை, எப்பொழுது சொன்னார், யாரிடம் சொன்னார், நீ கேட்டாயா என்று நம் இயக்கம் கேட்டது. இனி "கம்ப்யூட்டர் சொல்லுகிறது" என்பவனையும் அப்படியே கேளுங்கள். யார் எழுதின கணக்கு, எந்த ரிகார்டைப் பார்த்து, தப்பானால் யார் ஜவாப்தாரி என்று கேளுங்கள். நான் சொன்னதையும் இதே மாதிரி கேள்வி கேட்டுப் பார்த்து, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொண்டு, மற்றதைத் தள்ளிவிடும்படி கேட்டுக்கொண்டு உட்காருகிறேன்.