மூலமும் உரையும்



இந்த மண்டபத்தில் வாயடைத்து வைக்கப்பட்டிருக்கும் கைப்பேசிகளில் பெரும்பாலானவை லினக்ஸ் கெர்னலின், அதாவது இயங்குதளக் கருவின், மீது ஓடுகின்ற ஆண்ட்ராய்டு வகையைச் சேர்ந்தவை. ஆப்பிள் கைப்பேசி வைத்திருக்கும் சீமான்கள் தங்கள் குலம் வேறென்று எண்ணியிருந்தால், அதன் இயங்குதளமும் பெர்க்லி யூனிக்ஸிடம் கணிசமாகக் கடன்பட்டதே என்பதை அவர்களுக்குப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

இவ்விரண்டின் பூர்வீகமும் 1969ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. மல்டிக்ஸ் என்னும் பிரம்மாண்டமான திட்டத்திலிருந்து அந்த ஸ்தாபனம் விலகிக்கொண்ட பிறகு, கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் அப்போதே பழசாகிவிட்டிருந்த பிடிபி-7 கணிப்பொறி ஒன்றை வைத்துக்கொண்டு யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தைத் தொடங்கினார்கள். 1973இல் அதன் பெரும்பகுதியை ரிட்சி வகுத்த சி மொழியிலேயே திருப்பி எழுதினார்கள். தொலைபேசித் தொழிலைத் தவிர வேறு வியாபாரத்தில் இறங்கலாகாதென்று 1956ஆம் ஆண்டின் நீதிமன்ற ஏற்பாடு ஒன்று பெல் ஆய்வுக்கூடத்தை நடத்திவந்த ஏடி அண்டு டி நிறுவனத்தைக் கட்டிப்போட்டிருந்தபடியால், யூனிக்ஸ் சொற்பக் கட்டணத்துக்கு, மூலநிரலோடு சேர்த்தே, பல்கலைக்கழகங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. தர்ம சிந்தனை செய்யாத உபகாரத்தைச் சில சமயம் சட்டம் செய்துவிடுகிறது.

அவ்வாறு அது போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம். அங்கே ஜான் லயன்ஸ் என்ற பேராசிரியர், யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கெர்னல் ஏறக்குறைய ஒன்பதாயிரம் வரிகளே கொண்டது, ஒரு மாணவன் முழுவதையும் படித்து மனத்தில் இருத்திக்கொள்ளக்கூடியது என்று கண்டு, நிரலை ஒரு புத்தகமாகவும் அதற்குத் தாம் எழுதிய விளக்கத்தை மற்றொரு புத்தகமாகவும் தம் வகுப்புக்கென்று ஆக்கினார். மூலமும் உரையும் என்று நம்மவர் அட்டையில் அச்சிடுவார்களே, அதே சம்பிரதாயந்தான். வரிக்கு எண் உண்டு, அந்த எண்ணைச் சுட்டி வியாக்கியானம் உண்டு. பரிமேலழகரைப் படித்துப் பழகிய எனக்கு அதில் அந்நியமாகத் தோன்றியது பொருள் மட்டுமே.

1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூலநிரலை வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தலாகாதென்று விதித்துவிட்டது. லயன்ஸின் உரை அதன்பின் நகலிலிருந்து நகலாக, எழுத்து மங்க மங்க, கைக்குக் கை ரகசியமாகப் பிரயாணம் செய்தது. அனுமதியோடு அச்சேறியது 1996இல்தான். பாடம் நடத்த நிரல் இல்லாத குறையைத் தீர்க்க ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானன்பாம் 1987இல் மினிக்ஸைப் புதிதாக எழுதினார். அந்த மினிக்ஸில் பழகிய ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை வெளியிட்டு, மறு ஆண்டு அதை நிரலை யாரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் விடுகின்ற ரிச்சர்ட் ஸ்டால்மனின் குனூ உரிமத்தின் கீழ்க் கொணர்ந்தார். ஆகவே லினக்ஸுக்கு யூனிக்ஸோடு உள்ள உறவு இரத்த உறவன்று, குருகுல உறவு.

இரத்த உறவுக்காரர்களோ, எதிர்பார்க்கக்கூடியபடியே, பாகப்பிரிவினை வழக்காடினார்கள். பெர்க்லி பல்கலைக்கழகம் யூனிக்ஸை வளர்த்து வெளியிட்ட பதிப்பில் தன் சொத்து கலந்திருப்பதாக ஏடி அண்டு டியின் துணை நிறுவனம் 1992இல் தொடுத்த வழக்கு 1994இல் சமரசமாக முடிந்தபோது, சுமார் 18,000 கோப்புகளில் நீக்க வேண்டியிருந்தவை மூன்று. இன்றைய ஃப்ரீபிஎஸ்டியும் நெட்பிஎஸ்டியும் அந்தக் கிளையில் தழைத்தவையே.

லயன்ஸின் மாணவர்கள் படித்த நிரலில் ஓரிடம் உண்டு. ஒரு செயலை நிறுத்தி மற்றொன்றுக்குக் கணிப்பொறி தாவுகின்ற அவ்விடத்தில், இதை நீ புரிந்துகொள்ள வேண்டுமென்று எதிர்பார்க்கவில்லை என்ற பொருளில் ஒரு குறிப்பு எழுதப்பட்டிருந்தது. படித்தவர்கள் பலர் அதை அகங்காரமென்று எடுத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் ரிட்சி தந்த விளக்கம் வேறு: அது பரீட்சைக்கு வராது என்று ஆசிரியர் சொல்வது போன்ற ஆறுதலாகவே எழுதப்பட்டதென்றும், உள்ளபடி அங்கே நடப்பது எழுதியவர்களுக்கே விளங்கியிருக்கவில்லையென்றும் அவர் ஒப்புக்கொண்டார். ஆறாம் பதிப்பு ஓடிய பிடிபி-11 கணிப்பொறியில் குறையின்றி நடந்த அந்த உபாயம், யூனிக்ஸை வேறொரு கணிப்பொறிக்குக் கொண்டுபோனபோது நிலைக்கவில்லை. ஏழாம் பதிப்பில் அந்தப் பகுதியை அவர்கள் மாற்றி எழுதினார்கள்.